மூன்று பிள்ளைகளோடு விடுமுறைப் பயணம்: கேமரன் மலையா, தைப்பிங்கா?

குழந்தை நல மருத்துவரின் பதில்

சுங்கை சிப்புட் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் வசிக்கும் ஒரு தாயிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அடுத்தவளுக்கு நான்கு வயது. கடைக்குட்டிக்கு எட்டு மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். பல வருடம் பால்மரம் சீவியவரான மாமியாரும் உடன் இருக்கிறார். சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், கணவரின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வேனில், ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தில் கேமரன் மலைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பியவர்கள் இரவு பதினொரு மணிக்குத்தான் வீடு சேர்ந்தார்கள். மகள் ஐந்து முறை வாந்தி எடுத்தாள். மலைமேல் உள்ள பிரிஞ்சாங்கை நெருங்கும் முன்பே இரண்டு மணி நேரம் வாகன நெரிசலில் நின்றார்கள். அப்போது கருவுற்றிருந்த இவருக்குக் கால்கள் வீங்கிப்போயின. திரும்பும் வழியில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவே இல்லை.

இந்த ஆண்டும் அதே குடும்பம் அழைக்கிறது. மூன்று நாள், இரண்டு இரவு கேமரன் மலை. இறங்கி வரும் வழியில் ஓர் அருவியில் குளியல். வேனில் இந்த முறை இடம் இல்லை என்பதால் இவர்கள் தங்கள் சிறிய காரில் வரவேண்டும். கைக்குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது கணவரின் எண்ணம். மலைக்காற்று பட்டால் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிடும், அதை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார் மாமியார். சளி மருந்து கொஞ்சம் கொடுத்துவிட்டால் இரண்டு சின்னப் பிள்ளைகளும் வழி முழுக்கத் தூங்கிவிடும் என்று கணவரின் அண்ணி புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆலோசனை அனுப்பியிருக்கிறார். கையில் 1,500 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. விடுப்புக் கேட்டால் ஆலையில் முகம் சுளிப்பார்கள் என்று கணவர் தயங்குகிறார்.

இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு செய்தி. பள்ளியில் ‘என் விடுமுறைப் பயணம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, மூத்தவன் ஜொகூரில் உள்ள லெகோலேண்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறான். அங்கே அவன் போனதே இல்லை. ஆசிரியர் பாராட்டி, வகுப்பில் வாசிக்கவும் வைத்திருக்கிறார். நோட்டுப் புத்தகத்தைத் தற்செயலாகப் பார்த்த தாய், “பிள்ளைகளுக்கு எதையுமே காட்டாத தாயாகிவிட்டேனா?” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாவற்றையும் அந்தக் கேள்விதான் உள்ளே இருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. மகன் எழுதியதை நீங்கள் உங்கள் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகப் படித்திருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை, பயணக் கட்டுரை என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று தன் வகுப்புத் தோழர்களிடமிருந்தும் கைப்பேசிக் காணொளிகளிலிருந்தும் கற்றுக்கொண்டு அதை அப்படியே எழுதியிருக்கிறான். கேமரன் மலைக்கு அவன் உண்மையாகவே போயிருந்தும் அதை எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பத்தொன்பது மணி நேரம் நீண்ட அந்த நாளில் அவனுக்கென்று எழுத எதுவும் இருந்திருக்காது. தங்கைக்கு வாந்தி, அப்பாவுக்குக் கோபம், அம்மாவுக்குக் கால் வலி. எழுத நினைத்தாலும் பிள்ளை அதையா எழுதுவான்? தயவுசெய்து அவனைப் பொய் சொன்னதற்காகத் திட்டாதீர்கள். ஓர் இரவு அருகில் உட்கார்ந்து, “உனக்கு எங்கே போக ஆசை, அங்கே என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். பெரிய பூங்காவின் பெயரைத்தான் அவன் சொல்லுவான் என்று பயப்படவேண்டாம். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் விடுமுறையைப் பற்றிக் கேட்கும்போது, தங்கும் விடுதியில் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தியதையும், அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததையும்தான் பல பேர் முதலில் சொல்லுகிறார்கள்.

கேமரன் மலை மூன்று நாள்: என் கருத்து

போகவே கூடாது என்று சொல்லும் நோய் எதுவும் உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனாலும் இந்த ஆண்டு, இந்த வயதில், பள்ளி விடுமுறை நெரிசலில், இந்தத் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாமியார் சொல்லும் காரணமும் அவர் வந்து சேரும் முடிவும் வேறு வேறு. குளிர்காற்று மட்டும் பட்டு நெஞ்சில் சளி கட்டுவதில்லை; சளியும் நிமோனியாவும் கிருமிகளால் வருகின்றன, அவை நெரிசலான சந்தையிலும் விடுதி அறையிலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுகின்றன. கேமரன் மலையின் தானா ராத்தா வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இரவில் குளிரும் என்றாலும், இரண்டு மூன்று மெல்லிய உடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அணிவித்தால் ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கும். ஆனால் மாமியார் அறியாத ஒரு காரணம் அவருடைய எச்சரிக்கைக்கு வலுச் சேர்க்கிறது. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. உங்கள் கடைக்குட்டிக்கு எட்டு மாதம்தான். முதல் ஊசியே இன்னும் போட்டிருக்காது. தட்டம்மையோ காற்றில் மிக எளிதாகப் பரவுவது. ஆகவே மாமியாரிடம் “நீங்கள் சொல்வது மூடநம்பிக்கை” என்று வாதாட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. கூட்டத்தைத் தவிர்ப்போம் என்று அவரோடு சேர்ந்தே சொல்லலாம்.

அப்படியானால் குழந்தையை அவரிடம் மூன்று நாள் விட்டுப் போகலாமா? ஒரு பகல் என்றால் தயங்காமல் சம்மதிப்பேன். தாய்ப்பாலைப் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம், பாட்டியின் கை அதற்குப் பழகிய கைதான். இரண்டு இரவு என்பது வேறு. ஏழெட்டு மாதத்தில்தான் பிள்ளைகள் தாயைக் காணவில்லை என்று தேடி அழத் தொடங்குகிறார்கள். உங்களுக்கும் மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரக்கூடும். மலையில் இருந்தபடி நாளுக்குப் பத்து முறை வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மகளின் வாந்திக்கு வருகிறேன். வண்டி வளைந்து வளைந்து போவதைக் காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ எதிரே அசையாமல் இருக்கும் இருக்கையின் முதுகைப் பார்க்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் இது அதிகம். வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும். எனவே உங்கள் மகள் ‘பலவீனமான பிள்ளை’ என்று நீங்கள் எழுதியிருப்பதை ஏற்க மாட்டேன், அவள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள், அவ்வளவுதான். என்றாவது மலைக்குப் போவதாக இருந்தால், தாப்பா வழியாகச் செல்லும் பழைய சாலையைவிடச் சிம்பாங் பூலாய்ச் சாலையில் வளைவுகள் குறைவு. வெறும் வயிற்றோடும் கூட்டிப் போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ரொட்டித் துண்டோ போதும். கைப்பேசியைக் கையில் கொடுக்காமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி அவளை நடக்க விடுங்கள்.

தூங்க வைக்கும் மருந்து

இதைப் பற்றிச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கக் கூடாது. தூக்கம் தரும் அந்த வகை மருந்துகளில் ஒன்றான புரோமெத்தசின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே மந்தமாக்கிவிடக்கூடும். அந்த வயதில் அதைக் கொடுப்பதே இல்லை. கைக்குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம். நான்கு வயது மகளுக்குப் பயண வாந்திக்கான மருந்து தேவைப்பட்டால், அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் எடை பார்த்து, அளவு கேட்டு வாங்குங்கள். சில பிள்ளைகளுக்கு இம்மருந்துகள் தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பையும் அழுகையையும் தரும் என்பதால், முதல் முறை கொடுத்துப் பார்ப்பது மலைச்சாலையில் நடக்கவேண்டாம். உங்கள் ஓரகத்தி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். இந்தப் பத்தியை அப்படியே புலனத்தில் அவருக்கு அனுப்பிவிடுங்கள், நீங்கள் நேரில் மறுத்துப் பேசவேண்டியிராது.

மடியில் குழந்தை

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி, “என் மடியில் இருந்தால் எனக்கு நிம்மதி” என்பதுதான். தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் எது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சட்டென்று மோதி நிற்கும்போது, எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை முன்னோக்கிப் பாயும் விசை நூறு கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்கும் மேலானது. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. அன்பு குறைவாக இருப்பதால் நழுவுவதில்லை. நீங்கள் வார் அணியாமல் இருந்தால் உங்கள் உடலும் சேர்ந்து குழந்தையை முன்பலகையோடு நசுக்கும். முன்னால் இருக்கும் காற்றுப்பை விரிந்தால் அதுவே குழந்தையைத் தாக்கும்.

தனியார் வாகனங்களில் குழந்தை இருக்கை கட்டாயம் என்ற விதி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பின் இருக்கையில் அமர்பவர்களும் வார் அணியவேண்டும் என்பது 2009 முதலே சட்டம். தோட்டப் பாதையில் யாரும் பிடிப்பதில்லை என்பதை நான் அறிவேன். நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு அந்தச் சலுகை தெரியாது. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கை, மகளுக்கு உடலைச் சுற்றி வார் கட்டும் முன்னோக்கிய இருக்கை, மகனுக்கு வாரைத் தோளுக்குச் சரியாகப் பொருந்த வைக்கும் உயர்த்தி இருக்கை: மூன்றும் உங்கள் காரின் பின்வரிசையில் அடங்குமா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் 1,500 வெள்ளியில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். சொந்தக்காரர் பயன்படுத்தியதை வாங்கலாம், ஆனால் விபத்தில் சிக்கிய இருக்கையையோ வரலாறு தெரியாத இருக்கையையோ வாங்கவேண்டாம். இன்னொன்று: தூங்கும் பிள்ளையைக் காரிலேயே விட்டுவிட்டு ‘ஐந்து நிமிடம்’ கடைக்குப் போவது ஒருபோதும் வேண்டாம், நம் வெயிலில் மூடிய கார் மிக விரைவில் உலையாகிவிடும்.

நான் சொல்லும் மாற்று வழி

மூன்று நாளை ஒரே மூட்டையாகக் கட்டாமல், மூன்று வெவ்வேறு நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளின் நீளத்தையும் உங்கள் கடைக்குட்டியின் தூக்கமும் பசியும் தீர்மானிக்கட்டும்: காலையில் கிளம்பி, இரண்டு இடத்துக்கு மேல் போகாமல், மாலைக்குள் வீடு.

ஒரு நாள் தைப்பிங், அதுவும் ரயிலில். இ.டி.எஸ். எனப்படும் மின்சார ரயில் சுங்கை சிப்புட் நிலையத்தில் நிற்கிறது. எல்லா வண்டிகளும் நிற்பதில்லை என்பதாலும் பள்ளி விடுமுறையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதாலும் நேரத்தைப் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ரயிலில் மலைச்சாலையின் வளைவுகள் இல்லை, மகளுக்கு வாந்தி வருவது அரிது. குழந்தைக்குப் பால் கொடுக்கக் காரை நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை. சிறிய காரில் இடமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடும் மாமியாரும் உடன் வரலாம். பாடாங் ரெங்காசைத் தாண்டியதும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழையும். அந்த இருட்டு ஒன்பது வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள். அண்ணன் குடும்பத்தை அன்று தைப்பிங்கில் வந்து சந்திக்கச் சொன்னால் உறவிலும் முறிவு வராது. நிலையத்திலிருந்து கூட்டிப்போக அவர்களுடைய வண்டியும் உதவும், உங்கள் இருக்கைகளை முந்தின நாளே அவர்களிடம் கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

தைப்பிங் விலங்கியல் பூங்கா 1961இல் தொடங்கப்பட்டது. அதற்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் விலங்குகளும் நிழலில் படுத்துவிடும், பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் போதும், எல்லாக் கூண்டுகளையும் பார்த்தே தீரவேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள். மகள் நீர்யானையின் முன்னால் அரை மணி நேரம் நிற்க விரும்பினால் நிற்கட்டும். பிறகு பழைய ஈயச் சுரங்க நிலத்தில் உருவான ஏரிப்பூங்காவின் மர நிழலில் பாய் விரித்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடலாம். மழைக்குப் பேர்போன ஊர் என்பதால் பிற்பகலுக்கு ஓர் ஒதுங்கிடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1883இல் நிறுவப்பட்ட, நாட்டிலேயே பழமையான பேராக் அருங்காட்சியகம் அதற்கு ஏற்றது. புறப்படும் முன் மூன்று பிள்ளைகளையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துவையுங்கள்; கூட்டத்தில் ஒரு பிள்ளை விலகிப்போனால் காட்டுவதற்கு அது வேண்டும்.

இரண்டாவது நாள், அரை நாள்தான்: காராய் பாலமும் கோலகங்சாரும். காராயில் பேராக் ஆற்றின் மேல் நிற்கும் விக்டோரியா ரயில் பாலம் 1900இல் கட்டி முடிக்கப்பட்டது. பக்கவாட்டில் நடைபாதை உண்டு, கைக்குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு, மகளின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்துக்கொண்டு நடங்கள். கோலகங்சாரில் நிலத்தையும் மாவட்டத்தையும் நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு அருகில், 1877இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சிய ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அங்கே மாமியாரை அழைத்துப்போங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணிக்கு எழுந்து போவார், கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பார், மழை பெய்தால் அன்றைய சம்பளம் என்னவாகும் என்பதையெல்லாம் அந்த மரத்தடியில் பேரனுக்கு அவர் சொல்லட்டும். ஜொகூருக்குப் போய்வந்த பிள்ளைகள் பலர் வகுப்பில் இருப்பார்கள். பால்மரம் சீவிய பாட்டியோடு அந்த மரத்தைப் பார்த்த பிள்ளை அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மூன்றாவது நாளைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். ஈப்போவில் உள்ள பூங்காவோ, சேமிப்பு இடம் கொடுத்தால் தம்புனில் உள்ள நீர்ப்பூங்காவோ, எதுவானாலும் சரி.

விடுப்பு பற்றி ஒரு வார்த்தை

நான் வழக்கறிஞர் இல்லை என்றாலும், உங்கள் கணவருக்கு இதைச் சொல்லலாம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. அது அவருடைய உரிமை. இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்து மூலம், ஓரிரு நாளாகப் பிரித்துக் கேட்டால், தொடர்ந்து மூன்று நாள் கேட்பதைவிடக் கிடைப்பது எளிது. மேலே சொன்ன திட்டத்துக்கு அதுவே பொருந்தும்.

அருவிக் குளியல்

மலைப்பயணத்தைத் தள்ளிப்போட்டாலும், விடுமுறையில் என்றாவது ஒரு நாள் யாராவது அருவிக்கு அழைப்பார்கள், பிள்ளைகளும் கெஞ்சுவார்கள். ஆண்டிறுதி நம் பக்கத்தில் மழைக்காலம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை திடீரென்று வெள்ளமாகப் பாய்ந்து வரும். நாம் கெப்பாலா ஆயிர் என்று சொல்வது இதைத்தான். தெளிவான நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, நீர்மட்டம் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறவேண்டும். மலையில் கருமேகம் தெரிந்தால் இறங்கவே வேண்டாம்.

நீரில் மூழ்கும் பிள்ளை கூச்சல் போடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சுக்குத் திணறும் வாயால் கத்த முடியாது. ஆகவே நான்கு வயது மகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் நிற்கவேண்டும், அந்த நேரத்தில் அவர் கையில் கைப்பேசி இருக்கக்கூடாது, அவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டவராக இருக்கவேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்’ என்ற நிலையில்தான் யாருமே பார்க்காத இரண்டு நிமிடம் உண்டாகிறது. கையில் மாட்டும் காற்று வளையம் விளையாட்டுப் பொருள்; அதை நம்பி விடவேண்டாம். கைக்குழந்தையை ஆற்றுநீரில் இறக்கவே இறக்காதீர்கள்.

எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சலும் நம் அருவிகளில் உண்டு. மழைக்குப் பிறகு அபாயம் கூடும். காலிலோ கையிலோ புண், கீறல் இருக்கும் பிள்ளையை இறங்க விடாதீர்கள். ஆற்றுநீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்ததும் வீட்டு நீரால் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கும், சில சமயம் அதற்குப் பிறகும் வரலாம். அதற்குள் பள்ளி திறந்து, அருவிக்குப் போனதே மறந்துபோயிருக்கும். ஆகவே நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே கிளினிக்குக்குப் போய், மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல், “இன்ன தேதியில் ஆற்றில் குளித்தார்கள்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.